கேரவன் வண்டியில் பாட்டரி இருப்புக் கணக்கு

வெளி மின்னிணைப்பு ஏதுமற்ற இடத்தில் கேரவன் வண்டியை நிறுத்தித் தங்குவோர், தம் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே அநுமானிக்கும் முறை. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், குவார்ட்ஸைட் என்னும் பாலைவனச் சிற்றூருக்கருகே உள்ள மத்திய அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அநுமதிச் சீட்டுப் பெற்றுத் தங்குவோர், பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் கணப்பை நாட வேண்டியவர்களாதலின், இக்கணக்கை அலட்சியம் செய்வதற்கில்லை.

திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றத்தக்க பாட்டரியை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். ஈயத் தகடு இரண்டை இடையே துணியிட்டுச் சுருட்டிக் கந்தகாமிலத்தில் அமிழ்த்திய அச்சாதனம், ஏற்றுவதும் இறக்குவதுமாக நெடுங்காலம் பக்குவப்படுத்தினாலன்றிப் பயன் தராதிருக்க, 1881-இல் காமீய் ஃபோர் ஈய ஆக்ஸைடுப் பசையைத் தகட்டில் அப்பி அத்தொல்லையை நீக்கினார். 1897-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட், மின்சாரத்தை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்குப் பாட்டரி தரும் மொத்த அளவு குறையும் என்னும் நியதியைச் சூத்திரமாக வகுத்தார். 20 மணி நேரத்தில் 220 ஆம்பியர்-மணி தரும் பாட்டரியில் 100 ஆம்பியர் இழுத்தால், வெறும் வகுத்தலின்படி 2.2 மணி நேரம் வரவேண்டும். பாய்கெர்ட் குறியெண் 1.2 ஆயின் வருவது ஏறக்குறைய 1.4 மணி நேரமே. இன்வெர்ட்டரில் மைக்ரோவேவ் அடுப்பை ஓட்டுவோர் இதை அறிவது நலம்.

கால்ஃப் வண்டிக்குரிய 6 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டில் சுமார் 220 ஆம்பியர்-மணி கிட்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கலாகாது என்பதே முறையாதலின், எடுக்கத்தக்கது 110 மட்டுமே. எரிவாயுக் கணப்பின் விசிறி 8 ஆம்பியர் வீதம் இரவில் விட்டுவிட்டு மொத்தம் 5 மணி நேரம் சுழன்றால் 40 தீரும்; வாயுக் கசிவு எச்சரிப்பானும் எரிவாயுக் குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையும் அரை ஆம்பியராக நாள் முழுதும் உறிஞ்சுவது 12; விளக்கு, தண்ணீர்ப் பம்பு, தொலைக்காட்சி முதலியவற்றுக்கு 18. ஆக, ஒருநாட் செலவு 70; இருப்பு ஒன்றரை நாளுக்குக் காணும். எரிவாயுவால் எரியும் கணப்புக்கு மின்செலவு ஏது என்று எண்ணுவோரே பெரும்பாலும் விடியற்காலையில் விறைத்துப்போகின்றனர். மேலும், உறைநிலைக் குளிரில் ஈயப் பாட்டரியின் கொள்ளளவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

வோல்ட்மானியை நம்புவதாயின், சுமை யாவும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே பார்த்தல் வேண்டும். நிறைந்த பாட்டரி 12.7 வோல்ட்டும், பாதி இறங்கியது 12.1 வோல்ட்டளவும் காட்டும். விசிறி சுழலும்போது முள் தாழ்வது கண்டு பதறுதல் வீண்.

இக்காலத்தில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிகளும் சூரியத் தகடுகளும் பரவியுள்ளன. அவ்வகைப் பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் எடுக்கலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்யலாகாது.