தாமரைத் தடாகத்து யானை
சித்தன்னவாசல் ஓவியமும் விலங்கின் மனமும்

கீரனூரிலிருந்து நார்த்தாமலைக் குன்றுகளைக் கடந்து அன்னவாசல் நோக்கிச் சென்றால், வெட்டவெளியில் நீண்டு கிடக்கும் சித்தன்னவாசல் குன்றைக் காணலாம். அதன் ஏழடிப்பட்டக் குகையில் நம் முனிவர்கள் நோற்ற கற்படுக்கைகள் உள்ளன. குன்றைக் குடைந்தமைத்த அறிவர் கோயிலை, கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தமையைக் கல்வெட்டு கூறுகின்றது.

அக்கோயிலின் அர்த்தமண்டப விதானத்தில் புகழ்பெற்ற தாமரைத் தடாகம் தீட்டப்பெற்றுள்ளது. மலர்களுக்கிடையே மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் உலவுகின்றன. மூவர் மலர் கொய்கின்றனர். இது சமவசரணத்தின் காதிகாபூமி என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கக் கூடும் பன்னிரு கணங்களுள் விலங்கினமும் ஒன்று என்பதை நாம் அறிவோம். கேட்பதற்குச் செவி போதும். கேட்டதை அறமென உணர்வதற்கு மனம் வேண்டும். விலங்குக்கு அத்தகைய மனம் உண்டா என்னும் வினாவுக்கு நம் முன்னோர் அளித்த விடை இந்த ஓவியத்தில் அடங்கியிருக்கின்றது.

தத்துவார்த்த சூத்திரம் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்தபின், மனமுடையன, மனமில்லாதன என்றும் பிரிக்கின்றது. யானை, சிங்கம், பசு முதலியன மனமுடைய ஐம்பொறி உயிர்கள். அவை நற்காட்சி பெறலாம்; அணுவிரதமும் ஏற்கலாம். மகாவிரதமும் வீடுபேறும் மட்டுமே மனிதப் பிறவிக்கு உரியன. ஆகவே நம் ஆகமம் விலங்கை மனிதனுக்கு நிகரென்று கூறவில்லை; அறத்தின் எல்லைக்குப் புறத்தே நிறுத்தவும் இல்லை.

தமிழ் இலக்கண மரபிலும் இச்சிந்தனை உண்டு. தொல்காப்பிய மரபியல் மக்களை ஆறறிவுயிர் என்கின்றது. இளம்பூரணர் உரைகொண்ட நூற்பா ஒன்றோ, விலங்குகளுள்ளும் ஒரு சாரன அவ்வறிவுடையன என்று உரைக்கின்றது. கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டுகின்றார்.

சித்தன்னவாசல் தடாகத்தின் கீழே, அதே மண்டபத்துச் சுவர்மாடத்தில் பார்சுவநாதர் அமர்ந்திருக்கின்றார். அவருடைய முற்பிறவிகளுள் ஒன்று யானைப் பிறவி என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். தமையன் கமடனால் கொல்லப்பட்ட மருபூதி, வச்சிரகோடம் என்னும் களிறாகப் பிறந்தான். சினத்துடன் பாய்ந்த அக்களிறு, அரவிந்த முனிவரைக் கண்டு பழம்பிறப்புணர்ந்து தணிந்தது. விரதமேற்றபின் உலர்ந்த தழையையே உண்டது; பிற யானைகள் கலக்கிய நீரையே பருகியது. ஒருநாள் சேற்றில் சிக்கி, பகைவனாகிய பாம்பு தீண்டியபோதும் சினவாது உயிர் நீத்தது. நினைவும் வருத்தமும் கட்டுப்பாடும் பொறுமையும் ஒரு விலங்கினிடத்து நிகழ்ந்தனவாக இவ்வரலாறு கூறுகின்றது. சீவக சிந்தாமணியில் அடியுண்டு இறக்கும் நாய் ஐம்பத மந்திரம் கேட்டுச் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின் நன்றி மறவாது சீவகனைக் காத்ததும் இவ்வகையினதே.

மேலைநாட்டில் 17 ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி டேக்கார்ட் விலங்குகளை உயிருள்ள பொறிகளாகவே கருதினார். 1871 இல் டார்வின், மனித மனத்துக்கும் விலங்கு மனத்துக்கும் இடையிலான வேறுபாடு அளவினதே, வகையினதன்று என்று வாதிட்டார். 2011 இல் சிகாகோ ஆய்வாளர், அடைபட்ட தோழனை எலிகள் கதவு திறந்து விடுவிப்பதைப் பதிவு செய்தனர். 2012 இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர், பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வுநிலைக்குரிய நரம்பமைப்பு உண்டென அறிவித்தனர். 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய்லாந்தில் கலங்கிய யானையைப் பிற யானைகள் துதிக்கையால் தொட்டு ஆற்றுவதை விளக்கியது. பழம்பிறப்பையும் விரதத்தையும் ஆய்வுக்கூடம் அளந்துவிடவில்லை. அது நம் நம்பிக்கைக்குரியது. ஆயினும் துன்பமும் பரிவும் மனிதர்க்கே உரியன என்று இனி எவரும் எளிதாகக் கூறிவிட இயலாது.

இதனால் நமக்கு விளைவது பெருமை மட்டுமன்று, கடமையுமாகும். கொல்லாமையை எளியோர்மீது வலியோர் காட்டும் இரக்கமென நாம் பலகாலும் பேசிவிடுகின்றோம். சமவசரணத்தில் நம்முடன் அமர்ந்து அறம் கேட்கும் உயிருக்கு நாம் செய்வது சலுகையாகாது. ஊன் உண்ணாத இல்லத்திலும் சுமைமாட்டின் புண்ணும், கட்டுண்ட நாயின் தனிமையும், கன்றைப் பிரிந்த பசுவின் கதறலும் நம் கண்ணிலும் செவியிலும் படாமற் போகலாம். அவற்றைக் கவனிப்பதும் அகிம்சை விரதத்தின் பகுதியே.

விதானத்து வண்ணங்கள் ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. நம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும்போது மலர் கொய்யும் மனிதரோடு அந்த யானையையும் சுட்டிக்காட்டுவோம். அதுவும் அறம் கேட்கச் செல்கின்றது என்று சொல்லிக்கொடுப்போம்.