கூடாரம் முதல் கரிசல் வரை

சிற்றூர்க் காதல் நவீனங்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவற்றின் கவர்ச்சி காதலில் மட்டும் இல்லை. ஊர் வாயில் பெயர் விழுந்துவிடுமோ என்னும் அச்சத்திலும் இருக்கிறது என்பது நம் கருத்து.

நஜ்து நாட்டு ஆமிர் குலத்துக் கைஸ் தன் கவிதைகளில் லைலாவின் பெயரை வெளியிட்டான். அதனாலேயே அவளுடைய தந்தை மணத்திற்கு இசையவில்லை என்பது அரபு மரபு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கூடார வாழ்வில் பெயர் வெளிப்படுவதே பழி!

தமிழில், 1885இல் கண்டிச் சித்தி லெப்பை ‘அசன்பே சரித்திர’த் தலைவனை எகிப்திலும் இந்தியாவிலும் உலவவிட்டார். அது வியப்பூட்டும். வத்தலக்குண்டு ராஜமையர் 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திர’மோ மதுரைச் சீமைச் சிறுகுளத்தில் நிகழ்வது. அங்கே குடும்பத்தைக் குலைப்பது ஊர்வம்பு. (அப்போது ஆசிரியருக்கு வயது 21தான்!)

1969 முதல் ‘ராணி முத்து’ மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் தந்தது. தறியோசை கேட்கும் அருப்புக்கோட்டையிலும் வானம் பார்த்த திருச்சுழிக் கரிசலிலும் யார் யாரோடு பேசினார் என்பது மாலைக்குள் தெருவறியும். அந்தத் தெருப் பெண், பழிச்சொல்லுக்கு அஞ்சாத நாயகியை ஏட்டிலே காண்கிறாள். பெரியவர்கள் பறிக்க எண்ணுமுன் அந்நூல் அடுத்த வீட்டிற்குக் கைமாறிவிடுகிறது.