பூந்தமல்லியிலிருந்து திருக்கோட்டியூர் வரை

காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியின் ஊர் பூந்தமல்லி. இராமாநுசரின் ஐயங்களுக்கு இறைவனிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்தவர் அவர் என்கிறது குருபரம்பரை மரபு. கேட்டவர் ஒருவருக்காக வந்த விடைகள் அவை.

திருக்கோட்டியூரில் நிகழ்ந்தது வேறு. திருக்கோட்டியூர் நம்பி இராமாநுசரைப் பதினெட்டு முறை வரவழைத்த பின்னரே மந்திரப் பொருளை உரைத்தார். பிறருக்குச் சொன்னால் நரகம் என்றும் எச்சரித்தார். இராமாநுசர் அதைப் பலரறியச் சொன்னார். பலர் உய்யத் தாம் நரகம் புகவும் இசைந்தார். சினந்து வந்த குருவே அவரை 'எம்பெருமானார்' என்று தழுவிக்கொண்டாராம்.

குருவின் தயக்கத்தைக் கருமித்தனம் என்று தள்ளிவிட முடியாது. தகுதியற்றோரிடம் பொருள் சிதையும் என்ற அச்சம் அது. இன்றும் வைணவர் பஞ்ச சம்ஸ்காரத்தின்போது ஆசாரியர் வழியாகவே அம்மந்திரத்தைப் பெறுகின்றனர். இராமாநுசர் நீக்கியது பதினெட்டு முறை அலையவைத்த சோதனையை, குருவை அன்று.