கூழ்த்தாளில் பிறந்த கனவு

இலக்கியம் வானத்திலிருந்து வீழ்வதன்று. அதற்குத் தாளும் அச்சும் சந்தையும் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு பிராங் மன்சி என்ற வெளியீட்டாளர் தமது ‘ஆர்கோசி’ சஞ்சிகையை முற்றாகக் கதைகளுக்கே ஒதுக்கி, மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டுப் பத்துச் சதத்துக்கு விற்றார். 1905இல் அவர் தொடங்கிய ‘ஓல் ஸ்டோரி’யும் அவ்வழியே சென்றது. தொழிலாளரும் எழுதுவினைஞரும் வாங்கக்கூடிய வீரசாகசம் இவ்வாறு பிறந்தது.

அறிவியற் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவரான எட்கார் றைஸ் பறோஸ் (1875–1950) இச்சந்தைக்கு வந்தது வயிற்றுப்பாட்டுக்காகவே. மாட்டுப் பண்ணை, தங்கம் அரித்தல், புகையிரதக் காவல் எனப் பல தொழில்களில் அலைந்த அவர், 1911இல் சிக்காகோவில் பென்சில் சீவுங் கருவிகளை விற்கும் முகவராயிருந்தார். அப்போது எழுதிய செவ்வாய்க் கிரகக் கதை 1912 பெப்ரவரி முதல் யூலை வரை ‘ஓல் ஸ்டோரி’யில் தொடராக வெளிவந்தது. கிடைத்த ஊதியம் 400 டொலர். பிறர் தம்மைப் பித்தனென்பரோ என அஞ்சிப் புனைபெயரில் மறைந்துகொண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் ‘டார்ஸான்’ வந்தது.

உழைத்துச் சலித்த ஒருவர், உழைத்துச் சலித்தோருக்காகக் கண்ட கனவு இது. ஆயின் அதன் நாயகன் யார்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையின் கப்டன், ஜோன் காட்டர். அரிசோனாவில் அப்பாச்சி மக்களிடமிருந்து தப்பிக் குகையொன்றிற் புகும் அவன், செவ்வாயில் விழிக்கிறான். அங்குள்ள பச்சை மனிதரிடையே வலிமையால் தலைவனாகிறான்.

அந்த அரிசோனா பறோஸ் அறிந்த மண். 1896–97இல் அங்கே அவர் ஏழாவது குதிரைப்படையிற் சிப்பாயாயிருந்தார். அப்படைப்பிரிவே 1890 டிசெம்பர் 29இல் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராது, கொன்று குவித்தது. மண்ணில் நடந்தேறிய ஆக்கிரமிப்பு, கதையில் வேறொரு கிரகத்துக்கு நகர்ந்தது. அவ்வாறே, டார்ஸானின் ஆபிரிக்கக் காட்டை ஆளவும் ஆங்கிலப் பிரபுவின் மகனே தேவைப்பட்டான்.

இக்கதைகளைக் குப்பையென ஒதுக்குவோர் முக்கியமான கேள்வியொன்றைத் தவறவிடுகின்றனர்: வறியவன் கண்ட கனவில் ஆள்வோனின் வாள் மின்னுவதேன்? கனவு காணும் ஆற்றல் மக்களுடையது. அக்கனவின் உள்ளடக்கத்தை ஆளும் வர்க்கமும் அதன் சந்தையும் வழங்கின. 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்கள், செவ்வாயில் கால்வாய்கள் உண்டென்ற பழைய நம்பிக்கையைப் பொய்யாக்கின. ஆக்கிரமிப்பை வீரமெனப் போற்றும் மனப்பாங்கைப் பொய்யாக்க விண்கலம் போதாது; விழிப்புள்ள வாசகர் வேண்டும்.