வேலி ஓரத்து வெருகு

கோழி வளர்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுத ஒரு நாவலாசிரியன் முன்வந்தால், "பாவம், இவருக்குக் கதை வற்றிவிட்டது போலிருக்கிறது" என்று வாசகர்கள் நினைக்கக் கூடும். அப்படி நினைத்தால் அதில் பாதி உண்மை உண்டு. ஓசூரை அடுத்த மத்திகிரியில் நான் மூன்று வருஷம் குடியிருந்தேன். அங்கே உட்கார்ந்து எழுதி முடிப்பதாகச் சபதம் செய்திருந்த நாவலில் நாற்பது பக்கம்கூட நகரவில்லை. காரணம், கோழிகள். அந்தக் கோழிகளின் மூலமாக நான் ஒருவருக்குப் பட்ட கடனும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மூன்று பாஷைகள் ஒரே வாயில் புழங்கும். தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த தெலுங்குக் கிழவியை ஊரெல்லாம் 'அவ்வா' என்றுதான் அழைக்கும். குடிபோன முதல் வாரத்தில் ஒரு காலை அவள் வேலியருகே நின்று, "என் கோடி ஒண்ணைக் கீரி எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு சாமி!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். ஓசூரில் நிலத்தின் விலை ஏறிக் கிடந்த சமயம் அது. நிலம் விற்ற பணத்தை எவனோ கொண்டு போய்விட்டான் என்று நினைத்து, "போலீஸில் சொன்னீர்களா, அவ்வா?" என்று நான் கேட்டுவைத்தேன். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

அந்த அவ்வாவிடந்தான் என் மனைவி ஒரு தாய்க் கோழியையும் பதினொரு குஞ்சுகளையும் விலைக்கு வாங்கினாள். பத்தே நாளில் பதினொன்று ஆறாயிற்று. அப்போதுதான் எனக்கு இந்த விஷயத்தின் சரித்திரத்தில் அக்கறை பிறந்தது. கையிலிருப்பதைப் பறிகொடுக்கிறவனுக்குத்தானே சரித்திரம் வேண்டியிருக்கிறது!

கோழியின் பூர்வீகம் செங்காட்டுக் கோழி என்று டார்வின் சொன்னார். அவர் சொன்னது பெரும்பாலும் சரி. 2022இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வீட்டுக் கோழியினுடையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தவை. மனிதன் நெல்லும் தினையும் பயிரிட்ட இடத்தில், சிந்திய மணியைப் பொறுக்கக் காட்டுக் கோழி தானாக வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது. என் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு கோழியையும் நான் அழைத்ததே இல்லை.

ஆனால் டார்வினுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. செங்காட்டுக் கோழிக்குத் தோல் மஞ்சளாக இருப்பதில்லை. நம் வீட்டுக் கோழிகள் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சள். இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? 2008இல் மரபணுக்களைச் சோதித்துப் பார்த்தவர்கள், அது சாம்பல் காட்டுக் கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து சுற்றிய பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரைத் தாங்கிய அந்தப் பறவை நம்முடைய தென்னாட்டுப் பறவை. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மேலகிரிக் காடுகளில் விடியற்காலையில் அதன் குரலை இன்றும் கேட்கலாம். உலகத்தில் எந்த மூலையிலாவது ஒரு கோழி மஞ்சள் காலோடு நடந்தால், அந்தக் காலில் நம் பக்கத்துக் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

காட்டிலிருந்து வந்த பிராணியைத் தேடிக்கொண்டு காடும் பின்னாலேயே வந்தது. குறுந்தொகையில் 139ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மாலை வேளையில் வேலிப்பக்கம் வெருகுகள், அதாவது காட்டுப் பூனைகள், வந்து சேர்கின்றன. வீட்டுப் பேடைக்கு ஒதுங்க இடம் தெரியவில்லை. குஞ்சுகளை ஒன்று சேர்க்கக் கதறுகிறது. எங்கள் தெருவுக்கு நீ வரும்போது கிளம்புகிற ஊர்ப்பேச்சு அந்தக் கதறலைப் போல இருக்கிறது, ஆகையால் வராதே என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். பாட்டு காதலைப் பற்றியது. பண்டிதர்கள் உவமை நயம் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அந்தியில் கோழி கத்தி வெளியே ஓடிய அனுபவம் இல்லாதவரால் அதை எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு. மாசாத்தியார் வீட்டிலும் குஞ்சு குறைந்திருக்கிறது!

கோழியின் கத்தலிலும் வகை உண்டு. பருந்தைக் கண்டால் ஒரு குரல். தரையில் வரும் எதிரிக்கு வேறு குரல். மேல்நாட்டு விஞ்ஞானிகள் இதைப் பரிசோதித்து நிரூபித்திருக்கிறார்கள். அவ்வாவோ உள்ளே களி கிளறிக்கொண்டே, "பருந்து" என்பாள். அல்லது "நாய்" என்பாள். வெளியே வந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

சேவலுக்கு நடுகல் எடுத்த நாடு இது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்குச் சுமார் 1,500 வருஷங்களுக்கு முன்னால் உருவம் செதுக்கி எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். போரில் மடிந்த சேவலுக்குக் கல் உண்டு. கீரி வாயில் போன பேடைக்கு எங்கே கல் இருக்கிறது? பேடைகள் பெண்களுடைய சொத்து. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளித்து வைக்கும் சில்லறை அவை இட்ட முட்டையிலிருந்து வருவது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

என்னுடைய ஐந்து குஞ்சுகளை யார் கொண்டு போனது? எதிர்வீட்டுப் பூனையின் மேல் எனக்குச் சந்தேகம். அவ்வா கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. பட்டப்பகலில் குஞ்சு சுவடில்லாமல் மறைந்தால் பருந்து, வல்லூறு, அல்லது காக்கை. முட்டை ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பு. குஞ்சின் உடலில் பாதி வளைக்குள்ளும் பாதி வெளியிலும் கிடந்தால் பெருச்சாளி. பெரிய கோழியே இறகு சிந்தியபடி வேலி தாண்டிப் போயிருந்தால் நரியோ நாயோ. கூரைப் பக்கமாக இரவில் இறங்குவது மரநாய். ஒன்றைத் தின்ன வந்து நாலைந்தைக் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டுப் போவது கீரி. துப்பறியும் நாவல் எழுதும் நண்பர்கள் அவளிடம் ஒரு மாதம் பாடம் கேட்கலாம்.

பகலுக்குப் பஞ்சாரம், செடி மறைவு. அவரைப் பந்தலும் எலுமிச்சைப் புதரும் இருந்தால் குஞ்சுகளுக்குப் பருந்திடமிருந்து ஒளிய இடமாயிற்று. இரண்டு கின்னிக் கோழி வைத்திருந்தால் அன்னிய வாடை கண்டவுடன் ஊரைக் கூட்டிவிடும். இரவுக்குத்தான் கூடு. நானோ படித்தவன். கம்பி வலை வாங்கி, மரச்சட்டம் அடித்து, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டும் போட்டேன். நாலாம் நாள் இரவு கீரி வலைக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போயிற்று. பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

அவ்வாவின் கூடு வேறு விதம். நாலு பலகைக் கற்களை நிறுத்தி, அடியில் ஒரு கல், மேலே ஒரு கல், முன்கல்லில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு கல். கல்லுக்குப் பஞ்சமில்லாத சீமை அல்லவா அது! சில மாதம் கழித்துச் சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்துக் குன்றில் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகளைப் பார்க்கப் போனேன். பலகைக் கற்கள், மூடுகல், முகப்பில் வட்டத் துளை. இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்கிறார்கள். நான் அங்கே நின்றுகொண்டு, "அவ்வாவின் கோழிக் கூடு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். உடன் வந்த நண்பர், தொல்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர், அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவில்லை.

மத்திகிரியில் கால்நடைப் பண்ணை ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1824இல் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்படுத்தியது. பின்னால் மாடு, ஆடு, பன்றி, கோழி என்று வளர்ந்தது. கோழி வளர்ப்பைப் படிப்பதற்கென்றே ஒரு கல்லூரியும் அந்த ஊரில் வந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் பெங்களூர் ஹெப்பாளத்து விவசாயப் பல்கலைக்கழகத்தார் 1980களின் கடைசியில் 'கிரிராஜா' என்ற கொழுத்த கோழியை உருவாக்கினார்கள். நானும் நாலு வாங்கினேன். நாட்டுக் கோழி பருந்தின் நிழல் பட்டவுடன் புதருக்குள் பாயும். என்னுடைய கிரிராஜாக்களோ பருந்தை நிமிர்ந்து பார்த்து, அது எந்த ஊர் என்று விசாரிப்பது போல நின்றன.

இதுவரை சொன்ன எதிரிகளெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள். 1926இல் ஜாவாவிலும், அதே வருஷம் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துக்கு அருகிலும் கோழிகள் திடீரென்று கூட்டம் கூட்டமாக மடிந்தன. கீழ்த்திசையிலிருந்து கப்பல் வழியே நோய் போயிருக்கலாம் என்று கருதினார்கள். அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் இமயமலை அடிவாரத்துக் குமாவுனில் ராணிக்கெட் என்ற பட்டாள ஊரில் அதே சாவு. முக்தேஸ்வரத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் எட்வர்ட்ஸ் அதை விவரித்து எழுதினார். நோய்க்கு அங்கே நியூகாசில் பெயர். இங்கே ராணிக்கெட் பெயர். அழகான ஒரு மலையூருக்கு இப்படியும் ஒரு கீர்த்தி! நம் ஜனங்கள் அதை வெள்ளைக் கழிச்சல் என்கிறார்கள். கோழி தூங்கி வழியும். மூச்சுக்கு வாயைத் திறக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் நுழைந்தால் அநேகமாக ஒன்றையும் மிச்சம் வைக்காது.

முக்தேஸ்வரத்திலேயே ஹாடோ, இத்னானி என்ற இருவர், அந்தக் கிருமியைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார்கள். 1940களில் நடந்த காரியம் இது. இன்றைக்கும் எட்டு வாரமான கோழிக்கு இறக்கையின் தோலடியில் அரை மில்லி போடுகிறார்கள். சின்னக் குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடுகிற சொட்டு மருந்து வேறு. குளிர்ச்சியில் வைக்காவிட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதுதான் பெரிய தொல்லை. சூடு தாங்கும் மருந்தொன்றை ஆஸ்திரேலியாவில் ஸ்பிராட்பிரௌ என்பவர் கண்டு, ஏழை நாடுகளின் கிராமங்களுக்காகக் கொடுத்தார். நம் அரசாங்கக் கால்நடைத் துறையாரும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி ஊர் ஊராகச் சென்று இலவசமாக ஊசி போடுகிறார்கள். இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. தெரிய வேண்டிய சமயத்தில் நான் நாவலும் எழுதவில்லை, இதையும் படிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் பங்குனி மாதம். ஒரு சந்தையில் நல்ல கறுப்புச் சேவல் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு ஊரில் கோழிகள் சாகத் தொடங்கினால், மிச்சத்தை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. மலிவாக வாங்கிய பெருமையில் பையில் போட்டுக் கொண்டு வந்து, புதிதாகக் கல் பதித்த கூட்டில் விட்டேன். கீரி நுழைய முடியாத கூடு! மூன்றாம் நாள் சேவல் செத்தது. அடுத்த வாரத்துக்குள் எங்கள் கோழிகளில் ஒன்றுகூட இல்லை. எங்கள் கோழிகளும் அவ்வாவின் கோழிகளும் ஒரே வேலியின் கீழ்தான் போய் வந்துகொண்டிருந்தன. அவளிடம் இருபத்துமூன்று இருந்தன, இரண்டு மிஞ்சின. பேத்தியைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அவள் வைத்திருந்த மூலதனம் அது.

பார்க்க வந்த கால்நடை டாக்டர், "வெளியிலிருந்து கோழி ஏதாவது உள்ளே வந்ததா?" என்று கேட்டார். அவ்வா பக்கத்தில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் பாத்திரங்களுடைய மனச்சாட்சியை ஆராய்ந்தவன் நான். அன்று வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் பணத்தை எடுத்துக்கொண்டு அவள் திண்ணைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் சாமி" என்றாள். "பையிலிருந்து எடுத்தப்பவே அது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க. சொன்னா மனசு சங்கடப்படுமேன்னு இருந்துட்டேன்."

"டாக்டர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே, அவ்வா!"

"நீங்க சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?"

பணத்தை அவள் வாங்கவில்லை. பேத்தியின் முதல் தவணையை என் மனைவி நேரே போய்க் கட்டிவிட்டு வந்தாள்; அதற்காக அவ்வா எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவளாகவே வந்து, "ஒரு பெட்டை வாங்கி எனக்கு வாரத்துக்கு விடு, பாப்பா" என்று என் மனைவியிடம் கேட்டாள். கோழி நம்முடையது, வளர்ப்பு அவளுடையது, பொரித்து வளர்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. பழைய ஏற்பாடு. கூட்டைச் சுண்ணாம்படித்து, மூன்று மாதம் காலியாகப் போட்டுவைத்த பிறகு, இந்தத் தடவை டாக்டரைக் கேட்டு, ஊசி போட்ட பெட்டையாகப் பார்த்து வாங்கினோம்.

அடுத்த பிப்ரவரியில் எங்கள் தெருமுனையில் முகாம் நடந்தது. பஞ்சாரத்தில் அடைத்த பதினான்கு இளங்கோழிகளைத் தலையில் சுமந்துகொண்டு அவ்வா வரிசையில் முதலாவதாக நின்றாள். மருந்துப் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஊசி போடும் பையனிடம், "இதிலே பாதி அதோ நிக்கிற சாமியோட கோடி. ஒண்ணு விடாம போடு" என்றாள்.