பிள்ளைப் பராமரிப்புத் தொகை: தொடங்கும் நாள் (இந்தியா)

மண உறவில் பிறந்ததோ இல்லையோ, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளையைப் பராமரிக்கும் கடமை வசதியுள்ள தந்தைக்கு உண்டு. பணம் எந்த நாளிலிருந்து கணக்காகும் என்பதில்தான் நெடுங்காலம் குழப்பம். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, உத்தரவு நாளிலிருந்தோ, நீதிமன்றம் விரும்பினால் மனு நாளிலிருந்தோ வழங்கலாம் என்றது. வழக்கு இழுபட்டால் லாபம் தந்தைக்கே. பிள்ளையின் பசியோ தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், மனு தாக்கலான நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்று வரையறுத்தது. 1973 சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, வியப்பாக, பழைய இருவழி வாசகத்தையே வைத்திருக்கிறது. இடைக்காலத் தொகைக்கான மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும். நிலுவையை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.