மத்தளம்பாறையில் உருவான முறையீட்டு மென்பொருள்

கடவுச்சொல்லை மறந்தவரும், கட்டிய பணம் கணக்கில் ஏறாதவரும், வலைப்பூ திடீரென முடங்கிப்போனவரும் இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பும் முறையீடுகளை வாங்கி, எண்ணிட்டு, உரிய பணியாளரிடம் சேர்க்கும் மென்பொருளை ‘ஹெல்ப் டெஸ்க்’ என்பர். ஜோஹோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட இவ்வகை மென்பொருளான ‘ஜோஹோ டெஸ்க்’, குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் உருவானது என்பது தென்காசி வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

நெல்லும், பீடிச் சுற்றும், செங்கோட்டை வழியே மலை கடந்து கேரளம் செல்லும் சரக்கும், சாரல் பருவத்தை நம்பிய குற்றாலத்து விடுதிகளுமே பிழைப்பாயிருந்த இப்பகுதியில், படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவதே வழக்கம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், 2011இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கியபின், சொந்த ஊரிலிருந்தே மென்பொருள் எழுதலாம் என்ற நிலை அவர்களுள் சிலருக்கேனும் வாய்த்தது.

இம்மென்பொருளில் ஒவ்வொரு முறையீடும் ‘டிக்கெட்’ எனப்படும். டிக்கெட்டைத் திறக்கும் பணியாளரின் திரையில் அதே வாடிக்கையாளர் முன்பு எழுதியவையும் பெற்ற பதில்களும் உடன் தோன்றுவதால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் எரிச்சல் அவருக்குக் குறைகிறது. குறித்த நேரத்துக்குள் தீராதது மேலதிகாரியின் பார்வைக்குப் போகிறது. முறையிடுபவரைப் பெயரும் முன்கதையும் உள்ள மனிதராக நடத்துவதே இதன் உண்மையான சிறப்பு.

அந்த மதிப்பு 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோவுக்கே கிடைக்கவில்லை. இணைய முகவரிகளைப் பதிந்து காக்கும் நிறுவனம் ‘பதிவாளர்’ எனப்படும். ஜோஹோவின் மின்னஞ்சல் சேவையைச் சிலர் ‘ஃபிஷிங்’குக்கு, அதாவது போலி மடல் அனுப்பிக் கடவுச்சொல் பறிக்கும் மோசடிக்குப் பயன்படுத்தினர் என்ற புகார்களின் பேரில், அதன் அமெரிக்கப் பதிவாளரான டியெராநெட் முகவரியையே முடக்கிவிட்டது. வந்தவை மூன்றே புகார்கள் என்றும், இரண்டில் உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது, மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றும் ஜோஹோ விளக்கியது. பதிவாளரின் மேலிடத்தை எட்ட வழி தெரியாமல், நிறுவனத் தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுமக்களிடமே உதவி கேட்க நேர்ந்தது. ஃபிஷிங்கைத் தடுப்பது பதிவாளரின் கடமைதான். ஆயினும் சில கணக்குகளின் குற்றத்துக்காகக் கோடிக்கணக்கானோரின் அஞ்சலையும் அலுவலையும் ஒருசேர நிறுத்தியது எவ்வகையிலும் அளவறிந்த செயலன்று.

முகவரி மீட்கப்பட்ட பின்னும் தொல்லை உடனே ஓயவில்லை. தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகங்கள் பழைய விவரத்தைச் சில மணி நேரம் தம்மிடம் வைத்திருப்பவை. ஆதலால் ஓரிடத்தில் திறந்த பக்கம் வேறிடத்தில் திறக்கவில்லை. ஜோஹோ தன் முகவரியை அந்தப் பதிவாளரிடமிருந்து எடுத்து கிளவுட்ஃபிளேர் நிறுவனத்திடம் மாற்றிக்கொண்டது.